சைகோனிலிருந்து ஊர் பார்க்க வந்த மதினி

முதல் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஓர் ஆனி மாதத்தில், பாளையங்கோட்டையில் நடந்தது இது. அப்போது எனக்கு இருபது வயது. மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். திருச்சபையில் உபதேசியாராக இருந்த அப்பா காலமாகிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் ஒரு சிறிய வீட்டில் அம்மாவும் நானும் மட்டும் இருந்தோம்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான். அப்பாவைப் போல ஊழியத்துக்குப் படிக்கமாட்டேன் என்று சண்டை போட்டுக்கொண்டு, எனக்குப் பத்து வயதாக இருக்கும்போதே கப்பலேறிச் சைகோனுக்குப் போய்விட்டான். இப்போது வியட்நாம் என்று பத்திரிகைகளில் போடுகிறார்களே, அந்த தேசத்துப் பெரிய பட்டணம். அங்கே தமிழ் ஆட்கள் வைத்திருந்த ஜவுளிக்கடை ஒன்றில் வேலை. வருஷத்துக்கு ஒரு கடிதம் வந்தால் அதிகம். கடைசியாக வந்த கடிதம் அவன் எழுதியது அல்ல. வாந்திபேதியில் அவன் இறந்துவிட்டான் என்று கடைக்காரர் எழுதியிருந்தார். அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்து அவன் ஆறு வருஷம் குடித்தனம் நடத்தினான் என்பதும் அதில்தான் எங்களுக்குத் தெரிந்தது. மகன் போன செய்தியை அம்மா தெருவே கேட்க அழுது சொன்னாள். மருமகள் இருக்கும் செய்தியை ஒருவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வருஷம் கழித்து, யாரோ தமிழில் எழுதிக்கொடுத்த ஒரு கடிதம் அவளிடமிருந்து வந்தது. கணவர் பிறந்த ஊரை ஒரு தடவை பார்க்க வேண்டும், பத்துப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுப் போய்விடுவேன், வேறொன்றும் கேட்க மாட்டேன் என்று இருந்தது. நாங்கள் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் கொழும்பு வந்து, தூத்துக்குடி வந்து, ரயிலும் ஏறிவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஒரு சம்பந்தம் கூடி வந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை நாங்குநேரிப் பக்கம் பள்ளிக்கூட வாத்தியார். நல்ல குடும்பம், ஆனால் எல்லாவற்றையும் விசாரிக்கிற குடும்பம். மாப்பிள்ளையின் அத்தை பாளையங்கோட்டையிலேயே இருந்தார். விசாரிக்கிற பொறுப்பு அவருடையது.

அண்ணன் மனைவியை, என் மதினியை, அழைத்துவர நான் தனியாகத்தான் ஸ்டேஷனுக்குப் போனேன். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டத்தில் அவளைக் கண்டுபிடிக்கச் சிரமம் இருக்கவில்லை. கறுப்புப் பட்டில் கால்சட்டையும், முழங்காலுக்குக் கீழே தொங்கும் நீளச் சட்டையும், இறுக்கிக் கட்டிய கொண்டையும், காலடியில் ஒரு தகரப்பெட்டியுமாக நின்றாள். முப்பது வயது இருக்கும். நான் அவளை நெருங்கிப் புன்னகை செய்த அதே நேரத்தில் பின்னாலிருந்து என் தோளை யாரோ தொட்டார்கள். அந்த அத்தைதான். யாரையோ வழியனுப்ப வந்திருந்தார். மதினியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, யார் இது என்று கேட்டார்.

யோசித்துச் சொன்னேன் என்று சொல்ல முடியாது. வாயில் தானாக வந்தது. "எங்க பள்ளிக்கூடத்துத் துரைசானி அம்மாவுக்கு வந்திருக்கிற ஆயா, அத்தை. பர்மாக்காரி. தமிழ் ஒண்ணும் தெரியாது" என்றேன்.

அத்தை தலையாட்டிவிட்டுப் போனார். மதினி குனிந்து தகரப்பெட்டியை எடுத்துக்கொண்டாள். மறு கையால் என்னிடமிருந்த குடையையும் வாங்கிக்கொண்டு எனக்கு இரண்டடி பின்னால் நடந்து வந்தாள். களைப்பாக இருப்பாள், ஒன்றும் புரிந்திருக்காது என்று நினைத்து எனக்குள் பெரிய நிம்மதி.

மாட்டுவண்டி பாலத்தின் மேல் ஏறியது. ஆற்றில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. மேற்கே மலைப்பக்கமிருந்து சாரல் காற்று முகத்தில் அடித்தது. மதினி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"காத்து சொகமா இருக்குவே. அவுக சொன்னது நெசந்தான்."

மழலை கலந்திருந்தாலும் தெளிவான தமிழ். எங்கள் ஊர்த் தமிழ். அதிலும் ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிற தமிழ். என் அண்ணன் தன் சிநேகிதர்களோடு பேசியதைக் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டவள், பெண்களுக்கு வேறு மாதிரி பேச வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? ஸ்டேஷனில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளுக்குப் புரிந்திருக்கிறது. அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் வெளியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டில் அம்மா அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தாள். வந்தவளைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. மதினி பெட்டியை வைத்துவிட்டுச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். பிறகு அவள் சாதாரணமாகச் சொன்னாள், "யம்மா, வயிறு காந்துது. என்னமும் இருக்கா?"

அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் சொல்கிற வார்த்தை அது. அதே இழுப்பு, அதே இடத்தில் அதே நிறுத்தம். அம்மா மெதுவாகத் திரும்பி அவளை வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து பழைய சோற்றைப் பிழிந்து வைத்து, மோர்மிளகாய் வறுத்துப் போட்டாள். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "ஏட்டி, இவ அவன மாதிரில்லா பேசுதா" என்றாள். குரல் அவளுக்கே கேட்காத அளவுக்கு இருந்தது.

ஸ்டேஷனில் நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள்.

மறுநாளிலிருந்து மதினிக்கு ஊர் காட்டுகிற வேலை என் தலையில் விழுந்தது. என்னென்ன பார்க்க வேண்டும் என்பது அவளுக்கு முன்பே மனப்பாடம். எங்கள் திருச்சபையின் ஊசிக்கோபுரத்துக் கோயில், பாலத்தின் நடுவில் நின்று ஆறு பார்ப்பது, குறுக்குத்துறைப் படித்துறை, பாபநாசத்து அருவி, ஆற்றுக்கு அக்கரையில் டவுனில் இருக்கிற பெரிய தேர். சாப்பிட வேண்டியவையும் அப்படித்தான். கறுப்பு உளுந்து போட்ட உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும், கூட்டாஞ்சோறு, நுங்கு, அல்வா. ஒன்றைச் சாப்பிட்டதும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பாள். பிறகு, அவர் சொன்னதைவிட நன்றாக இருக்கிறது என்றோ, அவர் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார் என்றோ தீர்ப்புச் சொல்வாள். அம்மாவின் உளுந்தஞ்சோற்றுக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி தட்டை நீட்டினாள்.

அம்பாசமுத்திரம் வரை ரயிலில் போய், அங்கிருந்து வண்டி பிடித்துப் பாபநாசத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போனேன். அருவியில் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு பாறைமேல் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடும்போது அவள் சைகோனைப் பற்றிச் சொன்னாள்.

கப்பல் வருகிற நாளில் அண்ணன் துறைக்குப் போய் நிற்பானாம். இறங்குகிற கூட்டத்தில் தமிழ் முகம் எதுவாக இருந்தாலும், எந்த ஊர், எந்த மதம் என்று பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவானாம். புது ஊரில் பயந்து போய் வந்தவர்களை உட்காரவைத்து, முதலில் சோறு, பிறகு ஊர் சுற்றல். ஆற்றங்கரை, செங்கல்லால் கட்டிய இரட்டைக் கோபுரத்து மாதாகோயில், புலியும் யானையும் அடைத்து வைத்திருக்கிற தோட்டம், நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில், புகைவண்டி மாதிரி தெருவிலேயே ஓடுகிற டிராம். சந்தைக்குக் கூட்டிப்போய், இடியாப்பத்தை விட மெல்லிய அரிசி நூலைச் சுடச்சுடச் சாற்றில் போட்டுப் பச்சை இலைகளைக் கிள்ளித் தூவித் தருவதைச் சாப்பிட வைப்பானாம். அதில் ஊற்றுகிற, மீனை உப்பில் ஊறவைத்து இறக்கிய மீன்தண்ணீரின் வாடைக்கு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியவர்களும் உண்டு. அவர்களுக்கு வீட்டில் மதினி தனியாகச் சமைப்பாள். அவர்கள் ஊரிலும் அமாவாசை, பௌர்ணமிக்கு மரக்கறிதான் என்பதால் அவளுக்கு அது சிரமமாக இல்லை. ரசம் வேண்டும் என்று அழுகிறவர்களுக்குப் புளி கரைத்து ஒரு சாறு வைப்பாளாம். அங்கேயும் புளி இருக்கிறதா என்று ஆச்சரியமாகக் கேட்டேன். எங்கள் தெருவெல்லாம் புளியமரம்தான் என்று சிரித்தாள்.

கேட்க நன்றாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறேன், நான் பாதிதான் நம்பினேன். கணவனைப் பற்றி எந்தப் பெண்டாட்டியும் கொஞ்சம் கூட்டித்தானே சொல்வாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தெருவில் எங்களுக்குத் தெரிந்தவர்கள் யாராவது எதிரே வந்தால், மதினி சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு இரண்டடி பின்வாங்கி, குடையை எனக்குப் பிடித்துக்கொண்டு வருவாள். நான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இதை எழுதும்போது இன்றும் கை கூசுகிறது.

ஏழாம் நாள். டவுனில் தேரோட்டம் முடிந்து தேர் நிலைக்கு வந்து நின்றிருந்தது. மதினியைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டபோது, தனக்கும் டவுனில் ஜவுளி பார்க்க வேண்டும் என்று அத்தையும் வண்டியில் ஏறிக்கொண்டார். மறுக்க முடியவில்லை. வழி முழுக்க மதினி வண்டியின் பின்னோரத்தில் வாய் திறக்காமல் உட்கார்ந்து வந்தாள்.

தேரைப் பார்த்ததும் அவள் இறங்கி, அதைத் தனியாக ஒரு முறை சுற்றி வந்தாள். சக்கரத்தின் அருகே நின்று, தன் தலை எதுவரை வருகிறது என்று கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அல்வாக் கடையில், அத்தையும் நானும் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மதினி தன் இலையை வாங்கிக்கொண்டு வண்டிக்காரருக்குப் பக்கத்தில், தெருவில் நின்று சாப்பிட்டாள். கணவன் ஊரின் அல்வாவை அவள் முதன்முதலாகச் சாப்பிட்டது அப்படித்தான். நான் எழுந்து அவளிடம் போகவில்லை.

அடுத்ததாக ரதவீதியில் ஒரு ஜவுளிக்கடை. மேலப்பாளையத்து முஸ்லிம் வியாபாரி ஒருவருடையது. நாற்பது வயது இருக்கும் அந்த அண்ணாச்சி எங்களுக்குப் புடவைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். மதினி வாசலில் இரண்டு குடைகளையும் எங்கள் மூட்டையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். விரித்துக்கொண்டே வந்தவர் வாசல் பக்கம் பார்த்தார். கை அப்படியே நின்றது. புடவையைப் போட்டுவிட்டு, செருப்புக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினார்.

"லாத்தா" என்றார். அவர்கள் வழக்கில் அக்கா என்று அர்த்தம். "நீங்க சைகோன் லாத்தாதான?"

மதினி தலையைக் குனிந்துகொண்டாள். "ஆள் மாறிப் போச்சு அண்ணாச்சி" என்றாள் மெதுவாக.

அந்தக் குரலிலேயே அவருக்கு ஐயம் தீர்ந்துவிட்டது. தெருவில் நின்றபடியே அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார். எட்டு வருஷம் முன்பு சைகோனில் காய்ச்சலோடு இறங்கியவராம். தொற்றுக் காய்ச்சல் என்று பயந்து, சேர வேண்டிய இடத்தில் அவரை உள்ளே விடவில்லை. துறையில் சுருண்டு கிடந்தவரை முன்பின் தெரியாத ஒருவர் முதுகில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறார். பதினேழு நாள் இந்த அம்மா கஞ்சி வடித்துக் கொடுத்து, தலையைப் பிடித்துவிட்டு, வாந்தியை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். எழுந்து நடக்கத் தொடங்கியதும், மனுஷன் ஊரை நினைத்து அழுகிறானே என்று இரண்டு பேருமாக டிராமில் ஏற்றிப் பட்டணம் முழுக்கச் சுற்றிக் காட்டி, சிரிக்க வைத்துத்தான் வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். இந்தக் கடையும் தன் பிள்ளைகளும் அவர்கள் கொடுத்த உயிரில் வந்தவை என்றார்.

சொல்லி முடித்துவிட்டு அவர் சந்தோஷமாகக் கேட்டார். "அண்ணாச்சி சொகமா இருக்காவளா? கூட வந்திருக்காவளா?"

மதினி வாயைத் திறக்கவில்லை. அவர் இறந்துவிட்டார் என்று சொன்னால், அவர் யார், இவள் யார், எதற்கு இங்கே வந்தாள் என்று எல்லாம் சொல்ல வேண்டும். அதெல்லாம் சொன்னால் என் பொய் உடையும். அவள் என்னைப் பார்த்தாள். கண்ணீர் தாடை வரை வந்துவிட்டது. இரண்டு கையிலும் எங்கள் சாமான் இருந்ததால் துடைக்கவும் முடியவில்லை. தன் புருஷன் செத்துப்போனதைச் சொல்லக்கூட என் அனுமதிக்காக அவள் அந்தத் தெருவில் காத்துக்கொண்டு நின்றாள்.

நான் எழுந்து போய் அவள் கையிலிருந்த குடைகளையும் மூட்டையையும் வாங்கிக் கீழே வைத்தேன்.

"அவுக இறந்து ரெண்டு வருஷமாச்சு அண்ணாச்சி. எங்க கூடப்பிறந்த அண்ணன்தான். இவுக எங்க மதினி" என்றேன்.

அவர் கடைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தலைத்துணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு அழுதார். பிறகு மதினியை உள்ளே அழைத்து, கடையின் நடு விரிப்பில் உட்காரவைத்து, தன் கையால் சர்பத் கொண்டுவந்து கொடுத்தார். நான் அத்தையின் பக்கம் திரும்பினேன். "ஆயான்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டார். பொய் சொன்னேன் என்றேன்.

அந்தச் சம்பந்தம் நின்றுபோயிற்று. அதற்காக யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. அயல்தேசத்துப் பெண் என்பதற்காக நின்றதா, நான் பொய்க்காரி என்பதற்காக நின்றதா என்றுகூடத் தெரியாது. பின்னதாக இருந்தால் நியாயம்தான்.

ஆனால் அடுத்த நாள் காலையிலிருந்து எங்கள் வீடு வேறு வீடாகிவிட்டது. மேலப்பாளையத்து அண்ணாச்சி சொல்லிவிட்டதில் செய்தி பரவி, சைகோன் போய் வந்தவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். முக்கூடலிலிருந்து ஒருவர் வாழைத்தாரோடு வந்தார். கங்கைகொண்டானிலிருந்து ஒரு சைவப் பிள்ளைவாள் வந்தார். என் அண்ணன் தனக்குக் கோயில் காட்டி, சந்தை காட்டி, பிரெஞ்சுக்காரனிடம் எப்படிச் சலாம் வைப்பது என்று காட்டிக்கொடுத்ததை அவர் நடித்துக் காட்டியபோது, மகன் போன பிறகு முதல் தடவையாக அம்மா சத்தமாகச் சிரித்தாள். பத்து வருஷமாக அவளுக்குத் தெரியாமல் போன மகனை, ஆளுக்கொரு துண்டாக அவர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"அப்பம் எம்புள்ள அங்கன அநாதையா கிடக்கல" என்றாள் அம்மா. யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் வந்தவர்களுக்கெல்லாம் மதினியே சமைத்தாள். குளத்து விராலும், வெண்டைக்காயும், தென்காசிப் பக்கமிருந்து யாரோ கொண்டுவந்த அன்னாசிப் பழமும் போட்டு, புளி கரைத்து ஒரு சாறு. ரசத்துக்கும் குழம்புக்கும் நடுவில் இருந்தது. புளிப்பும் இனிப்பும் உறைப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நாக்கில் வந்தன. பிள்ளைவாளுக்கு மீன் போடாமல் வேறு சட்டியில் வைத்தாள். எங்கள் வீட்டில் சாப்பிடுவீர்களா என்று அம்மா தயங்கிக் கேட்டாள். சைகோனில் இந்த அம்மா கையால் சாப்பிட்டவன் இங்கே சாப்பிடாமல் போவேனா என்றார். ஊரில் மட்டும் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அம்மா இரண்டாம் தடவையும் சாறு ஊற்றிக்கொண்டாள். ஒருநாளும் மற்றவர் சமையலைப் புகழாதவள், "நல்லா வச்சிருக்க" என்றாள். மதினி அன்று முழுவதும் தரையில் கால் பாவாமல் நடந்தாள்.

பன்னிரண்டாம் நாள் அவளை ரயிலேற்றப் போனோம். அம்மா கருப்பட்டியும் உளுந்தும் கட்டிக் கொடுத்துவிட்டு, தள்ளிப் போய் நின்றாள். அப்போதுதான் நான் மன்னிப்புக் கேட்டேன். உங்களை ஆயா என்று சொன்னதற்கு மன்னித்துவிடுங்கள் மதினி என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஆயான்னா என்ன கொறச்சல்? எத்தனையோ பேருக்குச் சமைச்சுப் போட்டிருக்கேன், பீ மூத்திரம் அள்ளியிருக்கேன். அது எனக்கு வருத்தம் இல்லவே" என்றாள். பிறகு, "தமிழ் தெரியாதுன்னு சொன்ன பாரு, அதுதான் வலிச்சுது. அவுக எனக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான" என்றாள்.

அவள் என் கன்னத்தைத் தட்டிவிட்டு வண்டியில் ஏறினாள். யுத்தம் தொடங்கும் வரை வருஷத்துக்கு ஒன்றிரண்டு கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. எனக்கு மூன்று வருஷம் கழித்து வேறு இடத்தில் கல்யாணமானது. பெண் பார்க்க வந்தவர்களிடம் முதல் பேச்சாகவே, சைகோனில் எனக்கு ஒரு மதினி இருக்கிறார் என்று சொன்னேன். அவர்கள் எழுந்து போகவில்லை.

எனக்கு இப்போது வயதாகிவிட்டது. எத்தனையோ பேரோடு எத்தனையோ இடங்களுக்குப் போயிருக்கிறேன். கூட வருகிறவர் எப்படிப்பட்ட உடுப்பில் இருந்தாலும், எந்த நிலையில் இருந்தாலும், யார் என்று யாராவது கேட்டால், இவர் எனக்கு இன்னார் என்று சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆவதில்லை. அந்த ஒரு நொடி தயங்கினால் ஒரு மனுஷியிடமிருந்து எவ்வளவை எடுத்துவிட முடியும் என்பதை ஏழு நாள் நான் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.